மூடாத ஓரம்

மழை பதினொரு நாளாக விடவில்லை. லேப்காரர் ஊற்றி வைத்த பல் அச்சுகள் ஒன்றும் காயவில்லை. மற்ற நாட்களில் காலையில் ஊற்றிய மாவு அச்சை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்துத் தட்டிப் பார்க்கலாம்; கிண்ணென்று ஒலிக்கும். அந்த வாரம் எல்லாமே டீயில் ஊறின ரொட்டி மாதிரி நசநசவென்று இருந்தன. மேசை விளக்கின் சூட்டில் அவற்றை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்தது அந்தப் பல் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்று பலகையில் இருந்ததே தவிர இருந்தது இரண்டே அறை. முன்னறையில் நாற்காலி, விளக்கு, துப்புகிற தொட்டி, டாக்டர். பின்னறையில் மாவு, மெழுகு, சின்ன உலை, லேப்காரர். இருவரும் புருஷன் பெண்டாட்டி. நடுச்சுவரில் முழங்கை நுழைகிற அளவுக்கு ஒரு ஜன்னல் வைத்திருந்தார்கள். யார் வாயிலாவது அளவு எடுத்ததும் டாக்டர் அதை அந்த ஜன்னல் வழியாக உள்ளே நீட்டுவாள். நாலைந்து நாள் கழித்து அதே வழியாகப் பல் வெளியே வரும். பதினாறு வருஷத்தில் அவர்களுடைய பேச்சில் முக்கால்வாசி அந்த ஜன்னலில்தான் நடந்தது.

"இது யாருது?"

"அந்தப் பெயிண்டரோடது. ரொம்ப வெள்ளையா வெச்சிடாதீங்க. மத்த பல்லெல்லாம் டீ கலர்ல இருக்கு, இது மட்டும் டியூப்லைட் மாதிரி நிக்கும்."

"அவரு வெள்ளையாத்தான் வேணும்னாரே?"

"கேப்பாரு. அப்புறம் கண்ணாடில பாத்துட்டு நம்மளத்தான் திட்டுவாரு."

வேலை நாள் முழுக்க அவர்கள் தலைக்கு மேல் ஒரு குரல் போய்க்கொண்டே இருக்கும். பேருந்து நிலையத்து ஒலிபெருக்கி. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்தக் குழந்தை யாரைத் தேடி அழுகிறது, எல்லாம் அதில் வரும். பேசுகிறவள் லேப்காரரின் அக்கா. இருபத்தாறு வருஷமாக அதே அறை, அதே நாற்காலி. ஓட்டுநர்கள், நடத்துநர்கள், பழக்கடைக்காரர்கள் எல்லாரும் அவளை 'மைக்கக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணம் ஒன்று நடந்து இரண்டு வருஷத்தில் இல்லாமல் போனது. அதற்குப் பிறகு தனி வீடு, தனிச் சமையல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தம்பி வீட்டில் சாப்பாடு. குரல் அலம்பி வைத்த பாத்திரம் மாதிரி இருக்கும். 'ழ' வருகிற ஊர்ப் பெயர்களை அவள் சொல்லிக் கேட்பதற்கென்றே சிலர் தங்கள் வண்டியைத் தவறவிட்டார்கள் என்று தம்பி கிண்டல் செய்வார்.

அன்றைக்கு டாக்டர் ஒரு கிழவரின் கடைவாயில் பஞ்சு வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி கரகரத்தது. ஏழாவது மேடை என்று வர வேண்டிய இடத்தில் 'ஏயாவது' என்று வந்தது. டாக்டரின் கை நின்றது. அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருந்தாள். அது வந்தபோது இன்னும் மோசமாக இருந்தது. சூடான எதையோ வாயில் போட்டுக்கொண்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ஒருவர் பேசினால் எப்படி இருக்கும், அப்படி.

"என்னங்க," என்றாள் ஜன்னல் பக்கம் திரும்பாமலே. "அண்ணி பேசறதக் கேட்டீங்களா?"

"கேட்டேன். மழையில்ல, சளி புடிச்சிருக்கும்."

"இது சளி இல்ல."

"பின்ன?"

கிழவரின் பல்லில் தற்காலிக மருந்தை வைத்து, "ஐயா, ஒரு மணி நேரம் அந்தப் பக்கம் எதுவும் கடிக்காதீங்க. நாளைக்கு வாங்க, முடிச்சித் தர்றேன்," என்று எழுப்பி விட்டாள். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குடையை எடுத்தாள். வாசலுக்குப் போனதும்தான் குடைக் கம்பி ஒடிந்திருப்பது தெரிந்தது. அப்படியே பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அறிவிப்பு அறை பேருந்து நிலையத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஒரு மேசை, ஒரு மைக், சுவர் முழுக்க நேர அட்டவணை, ஃபிளாஸ்க். ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டிகள் சேற்றை வாரி அடித்துக்கொண்டு திரும்பின. மைக்கக்கா கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் கைக்குட்டை. வாயோரத்தில் வழிகிற எச்சிலை ஒற்றி ஒற்றி அது நனைந்து போயிருந்தது.

"நீ எங்கம்மா இந்த மழையில?"

"துண்ட எடுங்க அண்ணி."

"ஒண்ணுமில்ல. லேசா வீங்கியிருக்கு."

டாக்டரே துண்டை எடுத்தாள். இடது தாடைக்கு அடியில் ஒரு கோழிமுட்டையை வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. விரலால் அழுத்தினாள். மெத்தென்று இருந்தாலாவது ஆறுதல். கட்டை மாதிரி இருந்தது. தோல் கொதித்தது.

"வாயத் திறங்க."

ஒரு விரல் நுழைகிற அளவுக்கு மேல் திறக்கவில்லை. அதற்குள்ளேயே அந்த வாடை வந்தது. பல் வைத்தியம் பார்க்கிற யாருக்கும் தெரிந்த வாடை.

"எத்தன நாளா?"

"வியாழக்கிழமை ஆரம்பிச்சிது. மாத்திர போட்டேன். ஞாயித்துக்கிழமை எப்படியும் வருவேன்ல, அப்ப காட்டிக்கலாம்னு இருந்தேன்."

"சோறு இறங்குதா?"

"சூப்பு மாதிரி ஏதாவது. இன்னிக்குக் காலைலேர்ந்து தண்ணியும் கஷ்டமா இருக்கு."

"படுத்தா மூச்சு?"

"நேத்து உக்காந்துட்டேதான் தூங்கினேன்," என்றாள் மைக்கக்கா. சொன்ன பிறகுதான் அது என்ன பதில் என்று அவளுக்கே உறைத்த மாதிரி நிமிர்ந்து பார்த்தாள்.

"கிளம்புங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"உன்கிட்டயே முடியாதா?"

"முடியாது. இது பல்லுல இல்ல இப்ப. தொண்டைக்கு எறங்கிட்டிருக்கு."

"ரெண்டு இருவதுக்கு ஒரு வண்டி இருக்கு, அத மட்டும் சொல்லிட்டு…"

"அண்ணி!"

அந்த ஒரு அதட்டலில் மைக்கக்கா எழுந்துவிட்டாள். பதினாறு வருஷத்தில் தம்பி பெண்டாட்டி அவளை அதட்டியது அதுதான் முதல் தடவை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஈரச் செருப்புகளின் நாற்றம். வராண்டா நெடுகப் படுக்கைகள். சர்ஜனுக்கு முப்பது வயது இருக்கும். முந்தின நாள் வேலைக்கு வந்தவர் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை என்று கண்ணே சொன்னது. அவர் தாடைக்கு அடியில் தொட்டுப் பார்த்தார், நாக்கைத் தூக்கச் சொன்னார், எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார். பிறகு அவசரமில்லாத குரலில், ஆனால் அவசரமாக, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனார். ஊசி, மயக்க மருந்துக்காரரைக் கூப்பிடு, அறையைத் தயார் செய்.

"இடது பக்கம் கடைசிப் பல்லு. இந்த பிரிட்ஜ் எப்ப வெச்சிது?" என்றார் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி.

"நாலு வருஷம்," என்றாள் டாக்டர்.

"யாரு பண்ணாங்க?"

டாக்டர் அவர் கையிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பல் ஒன்றாகச் சேர்ந்த வெள்ளை நிழல். நடுவில் இருந்த பல்லை முன்பே பிடுங்கியாயிற்று. அந்தக் காலியிடத்துக்குப் பல் தொங்கவிட, முன்னும் பின்னும் இருந்த இரண்டு நல்ல பற்களைச் சீவிக் கேப் மாட்டி மூன்றையும் ஒரே துண்டாகச் செய்திருந்தது. அதற்குத்தான் பிரிட்ஜ் என்று பேர். முன் கேப் உறுதியாக உட்கார்ந்திருந்தது. பின் கேப்புக்குள்ளே பல் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஓட்டை இருந்தது.

"வெளியில பண்ணது," என்றாள்.

சர்ஜன் தலையாட்டினார். "யாரு பண்ணாங்களோ, பின்னோரம் மூடவே இல்ல. சிமெண்ட் கரைஞ்சிருக்கு. முன்பல்லு பிடிச்சிட்டிருந்ததால கழண்டும் விழல. கழண்டு விழுந்திருந்தா இவங்க தப்பிச்சிருப்பாங்க. உள்ளேயே அழுகியிருக்கு, பாவம்." கொட்டாவியை அடக்கிக்கொண்டார். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி சம்சாரம்."

பல் டாக்டர் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. தாடைக்கு வெளியே அரை அங்குலம் கிழித்துச் சீழை இறக்கி, அங்கே ஒரு ரப்பர் குழாய் வைத்திருந்தார்கள். பிரிட்ஜை நடுவில் அறுத்து எடுத்து, பின்பல்லின் மிச்ச வேர்களையும் பிடுங்கியாயிற்று. ஒரு நாள் தாமதித்திருந்தால் மூச்சு விடக் கழுத்தில் துளை போட வேண்டியிருந்திருக்கும் என்று சர்ஜன் லேப்காரரிடம் சொன்னார். லேப்காரர் வேலை செய்கிற அங்கியோடு அப்படியே ஓடி வந்திருந்தார். மாவு படிந்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"இது வேணுமா, தூக்கிப் போட்டுடலாமா?" என்று நர்ஸ் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள். அறுபட்ட பிரிட்ஜ். டாக்டர் வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பல் ஆஸ்பத்திரிக் கதவைப் பாதி மட்டும் திறந்து வைத்து, வந்தவர்களிடம் இன்று இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். லேப்காரர் டப்பாவைத் திறந்து அந்த இரண்டு துண்டையும் விளக்குக்கு அடியில் வைத்தார். லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு பின் துண்டைத் திருப்பிப் பார்த்தார். அப்படியே வெகுநேரம் பார்த்தார். ஒரு கேப்பைப் பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது.

டாக்டர் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

"என்ன தெரியுது?"

"ஓரம் எட்டல. பல்லு முடியற இடத்துக்கு ஒரு நூல் மேலயே நின்னுடுச்சு." லென்ஸை எடுக்காமலே பேசினார். "என் வேலைதான்."

"அளவு எடுத்தது நான்."

"அளவுல அந்த இடம் வரல. பசை இழுத்துட்டு வந்திருந்திச்சு. அச்சு ஊத்திப் பாத்தேன். முன்பக்கம் பல்லு முடியற கோடு கத்தி மாதிரி இருந்திச்சு, பின்பக்கம் மழுங்கலா இருந்திச்சு. இங்கதான் இருக்கும்னு நானா பென்சில்ல ஒரு கோடு போட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா திரும்ப அளவு எடுப்பே."

"எடுக்கத்தான் வேணும்."

"எடுத்தா அக்கா திரும்ப ஓங்கரிக்கும்." லென்ஸைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணைச் சுற்றி வட்டமாகப் பதிந்திருந்தது. "உனக்கு ஞாபகம் இருக்கா? அந்தப் பசைய வாயில வெச்சதும் ரெண்டு தடவையும் எப்படிப் பண்ணிச்சு. கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி. நீ போதும் அண்ணி, போதும் அண்ணின்னு தடவிக் கொடுத்திட்டிருந்தே. நான் இந்த ஜன்னல் வழியா பாத்துட்டிருந்தேன். அதுக்கு மேல மூணாவது தடவ எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரல."

டாக்டருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அவள் பார்த்த பதினான்காவது ஆள் அண்ணி. மின்சாரம் இரண்டு தடவை போய் வந்திருந்தது. இடுப்பு ஒடிந்துவிடும் போல இருந்தது. அளவை வாயிலிருந்து எடுத்ததும் விளக்கில் ஒரு தரம் பார்த்தாள். பின்பக்கத்தில் ஒரு குமிழி தெரிந்தது. எச்சிலாக இருக்கும் என்று நினைத்தாள், அல்லது அப்படி நினைத்துக்கொண்டாள்.

"நானும் பாத்தேங்க," என்றாள்.

"எதை?"

"ஒட்டற அன்னிக்கு. பின்னாடி கம்பிய வெச்சி இழுத்துப் பாத்தா மாட்டிச்சு. வழுக்கிட்டுப் போகணும், போகல. உள்ள இறங்கிச்சு. சிமெண்ட் நிரம்பிக்கும்னு ஒட்டிட்டேன்."

லேப்காரர் அவளைப் பார்த்தார்.

"ஒட்டாம திருப்பித் தந்திருந்தா நான் மறுபடி பண்ணியிருப்பேனே."

"தந்திருந்தா மறுபடி அளவு எடுக்கணும். நீங்க சொன்ன அதே காரணந்தான்."

நாலு வருஷமாக ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லேப்காரருக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து, பாதியில் நின்றுவிட்டது. எழுந்து போய் மெழுகுக் கரண்டிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, துடைத்தவற்றையே மறுபடி துடைத்தார்.

"அக்காகிட்ட சொல்லணுமா?" என்றார் முதுகைக் காட்டியபடி.

"சர்ஜன்கிட்ட நான் வெளியில பண்ணதுன்னு பொய் சொல்லிட்டேன்."

"அத விடு. அக்காகிட்ட. சொல்லி என்ன ஆகப்போவுது? பல்லு திரும்பி வரப்போறதில்ல. அக்காவுக்கு இந்த உலகத்துல நம்ம ரெண்டு பேர விட்டா யாரு இருக்கா? இதையும் கெடுக்கணுமா?"

"தெரியாம இருந்தா?"

"தெரியாம இருந்தா நிம்மதியா இருக்கும்."

"யாரு நிம்மதியா?"

வெளியே யாரோ கதவைத் தட்டி, "டாக்டரம்மா இருக்காங்களா? கேப்பு ஆடுது," என்றார்கள். இருவரும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. தட்டியவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மழையில் போனார்.

நாலாம் நாள் குழாயை எடுத்துவிட்டார்கள். மைக்கக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, பிஸ்கட்டை டீயில் நனைத்து வலது பக்கமாகவே ஒதுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துப் படுக்கைக்காரி அவளிடம் வண்டி நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் மூன்று வண்டியின் நேரத்தையும் சொன்னாள். குரல் இன்னும் கொஞ்சம் தடித்துத்தான் இருந்தது.

"வாங்க வாங்க. ரெண்டு பேரும் கடைய மூடிட்டு வந்துட்டீங்களா? ஊர்ல யாரு பல்லப் புடுங்கறது?"

தம்பி சூப்பு கொண்டு வந்திருந்த டப்பாவைத் திறந்தார், மூடினார். டாக்டர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். வரும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வந்தது ஒன்றும் வாயில் நிற்கவில்லை.

"அண்ணி, அந்த பிரிட்ஜ் சரியா உக்காரல."

"அதான் தெரியுதே."

"இப்ப இல்ல. வெச்ச அன்னிக்கே. எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்," என்றார் தம்பி சூப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டு.

மைக்கக்கா பிஸ்கட்டைத் தட்டில் வைத்தாள். டாக்டர் சொன்னாள். அளவில் வராத இடம், பென்சில் கோடு, மாட்டிக்கொண்ட கம்பி, சிமெண்ட், எல்லாவற்றையும். நோயாளிகளுக்குச் சொல்கிற குரலில் ஆரம்பித்தாள். பாதியில் அது எங்கோ போய்விட்டது. நீங்கள் ஓங்கரித்தீர்கள், பாவமாக இருந்தது என்று சொல்ல வந்த இடத்தில் நிறுத்திக்கொண்டாள். அதைச் சொன்னால் பழி அவள் மேலேயே போய்ச் சேரும் என்று பட்டது. தம்பிதான் அதைச் சொல்லிவிட்டார்.

"நீ படற கஷ்டத்தப் பாக்க முடியலக்கா. அதான்…"

"நிறுத்துடா."

பக்கத்துப் படுக்கைக்காரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லு," என்றாள் மைக்கக்கா. குரல் உயரவில்லை. "போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை. சாப்பிட்டுட்டிருந்தோம். வாயில ஒரு மாதிரி நாத்தம் வருதுடா, அழுத்துனா கசப்பா ஏதோ வருதுன்னு சொன்னேன். நீ என்ன சொன்னே?"

தம்பிக்கு நினைவு வரவில்லை. நினைவு வராதது முகத்திலேயே தெரிந்தது.

"பல்ல நல்லா தேய் அக்கான்னு சொன்னே. சிரிச்சே. இவ எழுந்து தண்ணி எடுக்கப் போனா."

டாக்டருக்கு அது நினைவு வந்தது. தண்ணீர் ஜக்கின் கைப்பிடி வரை நினைவு வந்தது.

"நான் தேய்ச்சேன்," என்றாள் மைக்கக்கா. "ஒரு நாளைக்கு நாலு தடவ தேய்ச்சேன். ஈறுல ரத்தம் வர்ற வரைக்கும் தேய்ச்சேன். உப்புத் தண்ணி, வாய் கொப்புளிக்கற அந்த நீலத் தண்ணி, கிராம்பு, எல்லாம். போகல. நான்தான் சுத்தமில்லாதவன்னு நெனச்சிட்டேன். அம்பத்தஞ்சு வயசுக்கு மேல உடம்பு அப்படித்தான் நாறும் போலன்னு நெனச்சேன். அந்த ரூம்ல என்கூட ஷிஃப்ட் மாத்த வர்ற பொண்ணு இருக்காளே, அவ வந்தா நான் ஜன்னலப் பாத்து உக்காந்துக்குவேன். மைக்குக்குத் தனியா ஒரு துணி வெச்சிருக்கேன், பேசி முடிச்சதும் தொடைக்க. அவளுக்கு வாடை அடிக்கக் கூடாதுன்னு. உங்க வீட்டுக்கு வந்தா புள்ளைங்க பக்கத்துல வந்து கதை சொல்லுன்னு கேப்பாங்க. தலை வலிக்குதுன்னு சொல்லுவேன். ஒரு வருஷமா தலை வலிக்குதுன்னு சொல்லிட்டிருக்கேன்."

டாக்டர் கையை நீட்டினாள். மைக்கக்கா கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பல்லு போனா போகுது. முப்பத்திரண்டுல ரெண்டு. அது இல்ல. என் வாய்க்கு நான் வெக்கப்பட்டேன் பாரு, அந்த ஒரு வருஷத்த யாரு எடுத்துக்குடுப்பா?"

தம்பி அழுதார். சத்தமில்லாமல், ஆனால் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. மைக்கக்கா அவரைத் தேற்றவில்லை. அம்மா போன நாளிலிருந்து அவர் அழுதால் அவள்தான் தேற்றுவாள். அன்றைக்குத் தேற்றவில்லை.

அந்த நேரத்தில் சர்ஜன் வந்தார். காயத்தைப் பிரித்துப் பார்த்து, நன்றாக ஆறுகிறது, நாளை மறுநாள் போகலாம் என்றார். புதுப் பல் பற்றி ஆறு மாதம் கழித்து யோசிக்கலாம் என்றார். டாக்டர் எழுந்து நின்றாள்.

"டாக்டர், அன்னிக்கு நீங்க கேட்டீங்க. அந்த பிரிட்ஜ் நான் வெச்சது. நானும் பல் டாக்டர்தான். இவர் செஞ்சாரு, நான் ஒட்டினேன்."

சர்ஜன் பேனாவை மூடினார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள்; திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் அவளை, அவளுடைய கணவரை, கட்டிலில் இருப்பவளை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எத்தன வருஷமா ப்ராக்டிஸ்?"

"பதினாறு."

"எனக்கு அஞ்சு. என் கணக்குலயும் இப்படி ஒண்ணு ரெண்டு தப்பு இருக்கு, அவங்க எங்க இருக்காங்களோ தெரியாது." சீட்டில் ஏதோ எழுதினார். "நீங்க கூட்டிட்டு வந்த நேரம் சரியான நேரம். அதையும் சொல்லணும்." அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

"சொல்லிட்டியா?" என்றாள் மைக்கக்கா. "உனக்கு லேசாயிடுச்சா?"

"இல்ல அண்ணி."

"ஆகக் கூடாது." தட்டிலிருந்த பிஸ்கட் நனைந்து உடைந்து போயிருந்தது. அதைக் கரண்டியால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். "வேற யார் யாருக்கு இப்படி வெச்சிருக்கீங்க?"

டாக்டர் நிமிர்ந்தாள்.

"சொந்த அக்காவுக்கே மாட்டுதுன்னு தெரிஞ்சி ஒட்டினவங்க, வேற யாருக்கும் ஒட்டினதில்லையா? களைப்பா இருந்த நாள் அது ஒண்ணுதானா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"இருக்காங்கள்ல. அவங்கல்லாம் எங்க உக்காந்து பல்லத் தேய்ச்சிட்டிருக்காங்களோ. போங்க. போய் கூப்பிடுங்க. எனக்கு சூப்பு வேணாம், அந்தம்மாவுக்குக் குடு."

புறப்படும்போது தம்பி தயங்கித் தயங்கி, "ஞாயித்துக்கிழமை…" என்றார்.

"வருவேன். எனக்குச் சமைக்க அலுப்பா இருக்கு. சாப்பிட வருவேன். ஆனா உங்க கடை நாற்காலியில இனிமே உக்கார மாட்டேன். புதுப் பல்ல இந்த டாக்டர்கிட்டயே கட்டிக்கறேன், இல்ல கட்டாமலே இருக்கேன்." பிறகு டாக்டரைப் பார்த்து, "நீ ஒண்ணும் சொல்லாதே. இப்போதைக்கு ஒண்ணும் சொல்லாதே," என்றாள்.

மைக்கக்கா வீடு திரும்பிய மறுநாள் மத்தியானம், நோயாளிகள் வராத இரண்டு மணிக்கு மேல், டாக்டர் பழைய நோயாளிப் பதிவேடுகளை எடுத்து மேசையில் போட்டாள். ஆறு வருஷத்து நோட்டுகள். பிரிட்ஜ் வைத்தவர்கள் மட்டும் இருநூற்றுச் சொச்சம். லேப்காரர் பின்னறையிலிருந்து முக்காலியை இழுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பெயரையும் அவர் படிக்க, அவள் யோசித்தாள். சிலருடைய முகம் வந்தது. சிலருடைய பல் மட்டும் வந்தது.

"இவங்க?"

"இவங்களுது நல்லா உக்காந்துது. இருந்தாலும் கூப்பிடலாம்."

"இவரு?"

"அன்னிக்கு எனக்கு காய்ச்சல். சரியா பாக்கல. எழுதிக்குங்க."

"இது என்னுது. அச்சுல முனை உடைஞ்சிடுச்சு, ஒட்ட வெச்சிப் பண்ணேன். சொல்லல உன்கிட்ட."

"எழுதிக்குங்க."

அப்படி எழுதியதில் பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். முதலில் அவர்களைக் கூப்பிடுவது, பிறகு மிச்சம் எல்லாரையும். நாலு எண்கள் உபயோகத்தில் இல்லை. ஒருவர் இறந்து போயிருந்தார். அவர் மகன், "அப்பாவுக்கு என்னங்க பல்லு இனிமே," என்று மரியாதையாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஒரு பெண், "என்ன டாக்டர், வியாபாரம் டல்லா?" என்று சிரித்தாள். ஒருவர் ஒரு தொந்தரவும் இல்லை, கடலையை உடைத்துத் தின்கிறேன் என்று பெருமையாகச் சொன்னார். அவரையும் வரச் சொன்னாள்.

ஒன்பதாவது எண்ணை எடுத்தவர் பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறவர். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது.

"பல் டாக்டர் பேசறேன். மூணு வருஷம் முன்னாடி வலது பக்கம் பிரிட்ஜ் வெச்சேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம். நல்லா இருக்கு மேடம்."

"வலி ஏதாவது?"

"வலியெல்லாம் இல்ல."

"அந்த இடத்துலேர்ந்து கசப்பா ஏதாவது வருதா? நாத்தம் மாதிரி?"

அவர் எங்கோ நடந்து போவது கேட்டது. வண்டிச் சத்தம் குறைந்து குறைந்து, ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு வந்த குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"உங்களுக்கு யாரு மேடம் சொன்னது? என் சம்சாரமா?"

"யாரும் சொல்லல."

"ஏழெட்டு மாசமா இருக்கு. நான் யார்கிட்டயும் சொல்லல மேடம். வீட்ல தனியா படுத்துக்கறேன். தெனம் மூணு வேளையும் தேய்க்கறேன் மேடம், சத்தியமா."

லேப்காரர் பென்சிலைக் கீழே வைத்தார். டாக்டர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவளுடைய மற்றக் கை நோட்டின் விளிம்பை மடித்து, விரித்து, மடித்துக்கொண்டிருந்தது.

"கேளுங்க," என்றாள். "நீங்க தேய்க்காததால இல்ல. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நாங்க வெச்சது சரியில்ல. நாளைக்குக் காலைல வாங்க. வீட்லயும் சொல்லிட்டு வாங்க, தப்பு டாக்டரோடதுன்னு."

அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவரே வைக்கட்டும் என்று அவள் போனைப் பிடித்தபடி காத்திருந்தாள்.